கபில நாயும் கண்கண்ட சாட்சியும்

1874 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் நோரிச் நகரிற் பிரித்தானிய வைத்தியர் சங்கத்தின் ஆண்டு மகாநாடு கூடிற்று. அங்கு மக்னான் என்னும் பிரெஞ்சு வைத்தியர், மது உடலுக்கு விளைக்கும் கேட்டினை விளக்குவதற்காக, நாய்களைக் கட்டிக் கிடத்தி அவற்றின் இரத்தக் குழாயினுள் மதுசாரத்தையும் அப்சிந்து என்னும் கடுமதுவையும் செலுத்தினார். மண்டபத்திலிருந்த வைத்தியர் சிலரே எழுந்து, இது தகாது என்று கண்டித்தனர். செய்தி பத்திரிகைகளுக்கு எட்டிற்று. பிராணிவதைத் தடுப்புக் கழகம் வழக்குத் தொடுத்தது. அதற்குள் மக்னான் தம் நாடு திரும்பிவிட்டார். உடனிருந்த உள்ளூர் வைத்தியர்களைக் குற்றவாளிகளாக்கப் போதிய சான்று இல்லையெனக் கூறிய நீதவான்கள், வழக்கினைத் தொடுத்தது முறையே என்பதையும் சொல்லத் தவறவில்லை.

இவ்வழக்கு ஏன் இங்கிலாந்தினைக் குலுக்கிற்று என்பதை உணர, அதற்கு முந்திய ஐம்பதாண்டு வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். பிராணிகளைக் காக்கும் முதலாவது சட்டத்தைப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1822 இல் நிறைவேற்றியது. மாட்டையும் குதிரையையும் கொடுமைப்படுத்துவோரைத் தண்டிக்க அது வழிசெய்தது. 1835 இல் எருதினையும் கரடியையும் கட்டிவைத்து நாய்களை ஏவிவிடும் விளையாட்டும் சேவற்போரும் தடுக்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்கனவே. ஆயின் தண்டிக்கப்பட்டோர் யாவர்? வண்டிக்காரர், மாடு சாய்த்துச் செல்வோர், இறைச்சிக் கடை ஊழியர், சந்தைச் சிறு வியாபாரிகள். ஏழையின் எருது விளையாட்டு 1835 இல் குற்றமாயிற்று. பிரபுக்கள் வேட்டைநாய்களோடு நரியைத் துரத்திக் கிழிப்பிக்கும் விளையாட்டோ இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை குற்றமாகவில்லை. இடைப்பட்ட காலம் 169 ஆண்டுகள். சட்டமியற்றும் மன்றத்தில் நரிவேட்டைக்காரர் நிறைந்திருந்தனர். எருது விளையாடியோருக்கு அங்கே வாக்கும் இல்லை, வாயும் இல்லை. இத்தகைய நாட்டிலேதான் கற்ற கனவான்கள் நீதவான் முன் நிற்க நேர்ந்தது. தம்மைப் பிடித்தவர்கள் நரிவேட்டைப் பிரபுவை ஏன் பிடிக்கவில்லை என்று வைத்தியர்கள் கேட்டனர். கேள்வியில் நியாயம் இருந்தது. எனினும் அது அவர்களது செயலுக்கு மறுமொழி ஆகாது.

நோரிச் வழக்கின் சூடு ஆறுமுன்னரே வேறு நெருப்புகளும் மூண்டன. உடற்றொழிலியல் ஆய்வுகூடத்துக்கென 1873 இல் வெளியான கைந்நூலொன்று, உயிருள்ள பிராணிகளை அறுக்கும் முறைகளைத் தொடக்க மாணவருக்கும் விவரித்தது. மயக்கமருந்தைப் பற்றி அது பேசியது மிகச் சிறிதே. 1875 பெப்ரவரியில் ஹொகன் என்னும் வைத்தியர், பாரிசிலே புகழ்பெற்ற குளோட் பேர்னாட்டின் ஆய்வுகூடத்தில் தாம் கண்டவற்றைப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார். அயர்லாந்திற் பிறந்த பத்திரிகை எழுத்தாளர் பிரான்சிஸ் பவர் கொப் அம்மையார் இக்கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, அவ்வாண்டிறுதியில் ஒரு சங்கத்தையும் நிறுவினார். அரசாங்கம் வழக்கமாகச் செய்வதைச் செய்தது: ஆணைக்குழு ஒன்றை நியமித்தது. அதன்முன் சாள்ஸ் டார்வினும் சாட்சி கூறினார். ஆனால் மக்கள் மனத்திற் பதிந்தது டார்வினது நிதானமான சொல் அன்று. கிளைன் என்ற ஆராய்ச்சியாளர், மயக்கமருந்தைத் தம் வசதிக்காகவே பயன்படுத்துவதாகவும், பிராணியின் நோவைத் தாம் பொருட்படுத்துவதே இல்லை என்றும் ஒளிவுமறைவின்றிக் கூறினார். தம் தொழிற்றோழர் மறைக்க விரும்பியதை அவர் வெளியிட்டுவிட்டார். அந்த அளவில் அவர் நேர்மையாளரே.

1876 மே மாதத்தில் கார்னாவன் பிரபு மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். நாயையும் பூனையையும் ஆய்வுக்கு உட்படுத்தலாகாது என்பது உள்ளிட்ட கடுமையான விதிகள் அதில் இருந்தன. ஓகஸ்டு 15 ஆம் நாள் அது சட்டமாயிற்று. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட மூன்று மாதங்களே எமது கவனத்துக்குரியன. கொதித்தெழுந்த பொதுமக்கள் தத்தம் வேலைக்குத் திரும்பினர், வைத்தியர்களோ திரும்பவில்லை. மூவாயிரம் வைத்தியர் கையொப்பமிட்ட மகஜர் ஒன்று உள்நாட்டு மந்திரியிடம் கொடுக்கப்பட்டது. தூதுக்குழு சென்றது. திருத்தங்கள் புகுந்தன. சிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பெற்றால் நாயையும் பூனையையும் அறுக்கலாம் என்றாயிற்று.

அச்சட்டத்தில் நன்மைகள் இருந்தன. ஆய்வு செய்பவர் அனுமதிப்பத்திரம் பெறல் வேண்டும். பிராணி மயக்கத்தில் இருத்தல் வேண்டும். மயக்கம் தெளியுமுன் அதனைக் கொன்றுவிடுதல் வேண்டும். விலக்களிக்கும் பத்திரங்கள் பல இருந்தபோதும், அதுவரை எவ்விதக் கட்டுப்பாடும் இல்லாதிருந்த துறையிலே இவை சிறு பேறல்ல. ஆனால் வேறு இரண்டு விதிகளை ஊன்றிப் படித்தல் தகும். பொதுமக்கள் முன்னிலையில் உயிர்ப்பிராணியை அறுத்துக் காட்டுவது குற்றம் என்றது ஒன்று. அனுமதி பெற்ற ஒருவர்மீது உள்நாட்டு மந்திரியின் எழுத்துமூலமான சம்மதம் இன்றி வழக்குத் தொடுக்கலாகாது என்றது மற்றையது. வழக்குத் தொடுப்பதாயின் ஆறு மாதங்களுக்குள் தொடுத்துவிடவும் வேண்டும்.

நோரிச்சில் நடந்தது என்ன? மண்டபத்தில் ஆட்கள் இருந்தனர், கண்டனர், கூவினர். ஒரு கழகம் வழக்கிட்டது. அந்நிகழ்ச்சியிலிருந்து பிறந்த சட்டம், காண்பவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியது. வழக்கிடுபவனை மந்திரியின் வாசலில் நிறுத்தியது. கொப் அம்மையார் இதை உடனே உணர்ந்துகொண்டார். கட்டுப்பாடு கேட்டு நின்றவர் சில ஆண்டுகளில் முழுத்தடையே வேண்டும் என்னும் நிலைக்கு மாறினார்.

சட்டத்தை மேற்பார்வை செய்யத் தொடக்கத்தில் இருந்தவர் ஒரே ஒரு பரிசோதகர். 1882 இல் ஆராய்ச்சியாளர் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். அனுமதிப்பத்திரம் கேட்டு வரும் விண்ணப்பங்கள் மீது உள்நாட்டு மந்திரிக்கு ஆலோசனை கூறியது அதே சங்கந்தான்! 1878 இல் முந்நூறுக்கும் குறைவாயிருந்த ஆய்வுகளின் தொகை 1903 இல் 19,084 ஆயிற்று.

அந்த 1903 ஆம் ஆண்டிலேதான் கபில நாயின் கதை தொடங்குகிறது.

லிண்ட் அவ் ஹாகபி, லீசா ஷார்ட்டோ என்னும் இரு சுவீடன் நாட்டுப் பெண்கள் 1902 இல் இலண்டன் மகளிர் வைத்தியக் கல்லூரியில் மாணவியராயினர். பிராணி ஆய்வினை எதிர்ப்பதற்கு அதனைக் கற்றுக்கொள்வதே வழி என்று அவர்கள் துணிந்திருந்தனர். பொதுமக்களுக்குச் சாத்தப்பட்ட கதவு மாணவருக்குத் திறந்திருந்தது. பிற கல்லூரிகளின் விரிவுரைகளுக்கும் சென்று கண்டவற்றை அன்றன்றே நாட்குறிப்பில் எழுதினர். 1903 பெப்ரவரி 2 ஆம் நாள் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் உடற்றொழிலியற் பகுதியில் அவர்கள் கண்டது, ரெரியர் இனத்துக் கபில நிற நாய் ஒன்றினை. முந்திய டிசெம்பரில் பேராசிரியர் ஸ்டாலிங் அதன் வயிற்றைத் திறந்து சதையிக் கானை ஆய்ந்திருந்தார். அன்று மீண்டும் திறந்து பார்த்துவிட்டு, விரிவுரையில் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பற்றிச் செய்து காட்டுவதற்காக அதனைப் பேலிஸிடம் ஒப்படைத்தார். அரைமணி நேரம் முயன்றும் அது கைகூடவில்லை. இறுதியில் ஹென்றி டேல் என்னும் மாணவர் நாயைக் கொன்றார். நாய் நன்கு மயங்கியிருக்கவில்லை, துடித்தது என்பது பெண்கள் எழுதியது. மோர்பீனும் மயக்கக் கலவையும் கொடுத்திருந்தோம் என்பது பேலிஸின் கூற்று.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறியாக வேண்டும். பேலிஸும் ஸ்டாலிங்கும் வெறும் கொடியவர் அல்லர். சிறுகுடலிலிருந்து இரத்தத்தின் வழியே சென்று சதையியைத் தூண்டும் ஒரு பொருளை 1902 இல் அவர்கள் கண்டறிந்தனர். ஓர்மோன் என்ற சொல்லை உலகுக்கு அளித்தவர் ஸ்டாலிங்கே. அவர்களை அடுத்த தலைமுறையில், ரொறொன்ரோ நகரில் நாய்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து இன்சுலின் கிடைத்தது. கத்தி பிடித்த மாணவர் டேல், 1936 இல் நோபெல் பரிசு பெற்றார். விஞ்ஞானத்தின் பயனை நாள்தோறும் துய்த்துக்கொண்டு விஞ்ஞானியைப் பேயாக்கிக் காட்டும் எழுத்தில் எமக்கு உடன்பாடில்லை. இங்கே எழும் வினா வேறு: ஒருவர் ஊருக்கு நன்மை செய்கிறார் என்பதற்காக அவரது செயலைப் பிறர் பார்க்கலாகாது என்று சொல்லலாமா?

நாட்குறிப்பு, பிராணி ஆய்வு எதிர்ப்புச் சங்கத்தின் செயலாளரான ஸ்டீபன் கோல்றிட்ஜிடம் சென்றது. அவர் சட்டம் பயின்றவர். பிரதம நீதியரசராயிருந்த ஒருவரின் மகன். சாதாரணமாக நீதிமன்றம் செல்லக்கூடிய அவர் ஏன் செல்லவில்லை? மந்திரியின் சம்மதம் வேண்டும், ஆறு மாதக் கெடு உண்டு. 1876 இன் சட்டம் அவ்வழியை அடைத்திருந்தது. எனவே அவர் வேறு வழி தேடினார். 1903 மே 1 ஆம் நாள் பெருங்கூட்டம் ஒன்றிலே, நாய் சித்திரவதை செய்யப்பட்டது எனப் பகிரங்கமாகக் கூறினார். பத்திரிகை அதனை வெளியிட்டது. பேலிஸ் மன்னிப்புக் கேட்கும்படி கோரினார், கோல்றிட்ஜ் மறுத்தார், பேலிஸ் அவதூறு வழக்குத் தொடுத்தார். கோல்றிட்ஜ் விரும்பியதும் அதுவே. வழக்காளியாகப் புக முடியாத மன்றத்துள் எதிரியாகவேனும் புகுந்தார்.

நவம்பர் 11 முதல் 18 வரை பிரதம நீதியரசர் அல்வர்ஸ்ரன் பிரபு முன் வழக்கு நடந்தது. மாணவர் கூட்டம் மண்டபத்தை நிறைத்தது. ஒரே நாயை இருமுறை பயன்படுத்தியது சட்டத்துக்கு மாறு என்பதை ஸ்டாலிங் சாட்சிக்கூண்டிலேயே ஒப்புக்கொண்டு, இரண்டாவது நாயொன்றைக் கொல்லாதிருக்கவே அவ்வாறு செய்ததாகக் கூறினார். பெண்கள் சொன்னதைச் சரிபார்க்கவில்லை என்று கோல்றிட்ஜும் ஒப்பினார். இருபத்தைந்து நிமிடத்தில் யூரர்கள் ஏகமனதாகப் பேலிஸின் பக்கம் தீர்ப்பளித்தனர். நட்டஈடு 2,000 பவுண். செலவு 3,000 பவுண். சட்டத்தை மீறியதாகத் தம் வாயாற் சொன்னவர் வீடு சென்றார்; மீறல் நடந்ததென்று ஊருக்குச் சொன்னவர் ஐயாயிரம் பவுண் செலுத்தினார். பெண்களது நாட்குறிப்பு அவ்வாண்டு நூலாக வெளிவந்து, வழக்கின் பின் விற்பனையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. குறித்த அத்தியாயத்தை நீக்கியே அது மீண்டும் அச்சேறிற்று. ஆனால் பத்திரிகை வாசகர் நான்கு மாதங்களிற் கோல்றிட்ஜுக்குச் சேர்த்துக் கொடுத்த பணம் தண்டத்தை விஞ்சிவிட்டது. யூரர் பன்னிருவர் ஒரு தீர்ப்புக் கூற, ஊர் வேறொரு தீர்ப்புக் கூறியது.

கபில நாய்க்கு நினைவுச்சின்னம் எழுந்த இடம் இலண்டனின் தென்கரையிலுள்ள பற்றர்சீ. ஆலைகளும் புகையிரதப் பாதைகளும் சூழ்ந்த தொழிலாளர் பகுதி அது; தொழிற்சங்கவாதி ஜோன் பேண்ஸைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. (பின்னர் 1922 இல் இந்தியரான சக்லத்வாலாவைத் தெரிந்ததும் இதே பற்றர்சீதான்.) நகரசபை தொழிலாளருக்கெனக் கட்டிய லச்மியர் குடியிருப்பின் பூங்காவிலே, 1906 செப்டெம்பர் 15 ஆம் நாள், மனிதரும் நாய்களும் நீர் அருந்தும் குழாயோடு கூடிய வெண்கல நாய்ச்சிலை திறக்கப்பட்டது. பெர்னாட் ஷா பேசினார். பெண்ணுரிமைப் போராளி சார்லட் டெஸ்பார்ட் வந்திருந்தார். நாய் எங்கே, எத்துணைக் காலம் அறுக்கப்பட்டது என்பதைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் பெயரோடு பீடத்தில் வெட்டியிருந்தனர்.

தொழிலாளிக்கும் நாய்க்கும் என்ன உறவு? கொரல் லான்ஸ்பரி என்னும் ஆய்வாளர் 1985 இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். எமக்கு முக்கியமாகத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. 1828 இல் எடின்பரோவில் பேர்க், ஹெயர் என்னும் இருவர் ஆட்களைக் கொன்று உடலங்களை உடற்கூற்றாசிரியர் ஒருவருக்கு விற்றமை வெளிப்பட்டு நாடே நடுங்கிற்று. அந்த அதிர்ச்சியின் பின் 1832 இல் வந்த சட்டம், கொலைகாரனின் வியாபாரத்தை ஒழித்தது உண்மை. எப்படி ஒழித்தது? ஏழைகள் விடுதியில் இறந்து, உரிமை கோருவார் இல்லாதோரின் உடல்களை அறுவைக்குக் கொடுத்து! ஆகவே பற்றர்சீத் தொழிலாளியின் பாட்டனுக்கு அறுவைமேசை வெறும் கட்டுக்கதை அன்று; முதுமையிற் காத்திருந்த அச்சம். தரும வைத்தியசாலையிற் படுத்திருக்கும் ஏழை, கட்டிக் கிடத்தப்பட்ட நாயிலே தன்னைக் கண்டான். வாக்குரிமைக்குப் போராடிச் சிறைசென்ற பெண்களுக்கு 1909 முதல் குழாய்மூலம் பலவந்தமாக உணவூட்டப்பட்டபோது அவர்களும் அதனையே கண்டனர்.

1907 நவம்பர் 20 ஆம் நாள் வைத்திய மாணவர் குழுவொன்று சம்மட்டியுடன் சிலையை உடைக்க வந்தது. பத்துப்பேர் பிடிபட்டு ஆளுக்கு ஐந்து பவுண் தண்டம் கட்டினர். பெண்களின் வாக்குரிமைக் கூட்டங்களிலும் புகுந்து நாற்காலிகளை உடைத்தனர். டிசெம்பர் 10 ஆம் நாள் ஆயிரம் மாணவர் டிரபல்கார் சதுக்கத்தில் நானூறு பொலிசாருடன் மோதினர். பற்றர்சீத் தொழிலாளர் சிலையைச் சுற்றி நின்று அவர்களைத் துரத்தினர். சிலைக்குக் காவல்வைக்க ஆண்டுக்கு 700 பவுண் செலவாகிறது, நகரசபையே தரவேண்டும் என்று பொலிஸ் தரப்பிற் கேட்கப்பட்டது. 120 பவுண் பெறுமதியான சிலை அது! 1909 நவம்பர்த் தேர்தலில் நகரசபை கைமாறிற்று. இருபதினாயிரம் பேர் கையொப்பமிட்ட மகஜரையும் மீறி, 1910 மார்ச் 10 ஆம் நாள் விடியுமுன், 120 பொலிசாரின் காவலில் நான்கு வேலையாட்கள் சிலையை அகற்றினர். பின்னர் அது உருக்கப்பட்டது.

இத்தனைக்கும் பின் சட்டம் என்னாயிற்று? 1906 இல் நியமிக்கப்பட்ட இரண்டாவது ஆணைக்குழு 1912 இல் அறிக்கையிட்டது. பரிசோதகர் தொகை கூட்டப்பட்டது. ஆராய்ச்சியாளர் சங்கத்தின் ஆலோசனைப் பதவி நீங்கி, 1913 இல் அரசாங்கமே நியமித்த ஆலோசனைக் குழு வந்தது. புதுச் சட்டம் வரவில்லை. 1876 இன் சட்டம் மேலும் எழுபத்துமூன்று ஆண்டு வாழ்ந்தது.

ஓர் ஊழல் வெளிப்பட்டவுடன் சட்டம் வந்துவிடும் என எண்ணுவோர் ஐக்கிய அமெரிக்காவின் 1966 ஐ எடுத்துக்காட்டுவர். 1965 கோடையில் பென்சில்வேனியாவிலே ஒரு குடும்பத்தின் நாய் காணாமற் போய், நியூயோர்க் வைத்தியசாலையொன்றின் ஆய்விலே மாண்டமை தெரியவந்தது. 1966 பெப்ரவரியில் 'லைப்' சஞ்சிகை, நாய் வியாபாரிகளின் பட்டிகளைப் படம்பிடித்து வெளியிட்டது. ஓகஸ்டு 24 இல் ஜனாதிபதி ஜோன்சன் சட்டத்தில் ஒப்பமிட்டார். ஓராண்டுக்குச் சற்று மேல், வியக்கத்தக்க விரைவு. ஆயின் அந்நாய்க்கு உடைமையாளர் இருந்தனர். காணாமற் போனது ஒரு குடும்பத்தின் சொத்து. சட்டமும் அதற்கேற்பவே அமைந்தது. திருட்டையும் விற்பனையையும் பட்டியையும் அது கண்காணித்தது. ஆராய்ச்சி நடைபெறும் வேளையிலோ தலையிடவில்லை. ஆய்வுகூடங்களில் மிகுதியாகப் பயன்படும் எலியும் சுண்டெலியும் அதன் பட்டியலில் இல்லை. எலிக்காக அழும் குடும்பம் எங்கே இருக்கிறது?

பிரித்தானியாவில் 1975 ஜனவரியில் மேரி பீத் என்னும் பத்திரிகையாளர், இரசாயனக் கைத்தொழிற் கம்பனியொன்றின் ஆய்வுகூடத்தில் ஊழியராகச் சேர்ந்து, வரிசையாகக் கட்டப்பட்ட பீகிள் நாய்களுக்குப் புகைபிடிப்பிக்கும் காட்சியைப் படமெடுத்து வெளியிட்டார். எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இரு மாணவியர் சென்ற அதே வழி. நாடு மீண்டும் கொதித்தது. அக்கிளர்ச்சி தணியாது தொடர்ந்தது. ஐரோப்பிய நாடுகளும் பொது உடன்படிக்கையொன்றை நாடின. 1985 டிசெம்பரில் பற்றர்சீப் பூங்காவிலே கபில நாய்க்குப் புதிய சிலை எழுந்தது. 1986 மே 20 ஆம் நாள், நூற்றுப்பத்து ஆண்டுகளின் பின், பழைய சட்டத்தின் இடத்திற் புதியது வந்தது. பிராணி படும் நோவையும் ஆய்வினால் வரும் பயனையும் எடைபோட்டே அனுமதி வழங்கல் வேண்டும் என்று அது விதித்தது. முள்ளந்தண்டுள்ள பிராணிகள் அனைத்தையும் காப்பினுட் கொணர்ந்தது. 1993 இல் ஒக்ரோபசு இனம் ஒன்றுகூடச் சேர்க்கப்பட்டது. 1876 உடன் ஒப்பிட இது பெரும் முன்னேற்றம்.

அச்சட்டத்தின் 26 ஆம் பிரிவின்படி, இங்கிலாந்திலும் வேல்சிலும் அதன்கீழ் வழக்குத் தொடுக்க அரசாங்க வழக்குத் தொடுநரின் சம்மதம் வேண்டும். 24 ஆம் பிரிவு, சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பணியின்போது நம்பிக்கையின்பேரிற் கிடைத்த தகவலைக் கடமைக்குப் புறம்பாக வெளியிடுபவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது.